தை அமாவாசைக்கு ராமேஸ்வரம்: அம்மா அப்பாவோடு போகிறேன், ரூம் எங்கே போடுவது?

சேலம்_கார்த்தி | 1 டிசம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜனவரி 18, ஞாயிறு தை அமாவாசை. இந்த வருடம் ராமேஸ்வரம் போய்த்தான் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். அவருக்கு 74, அம்மாவுக்கு 69. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது. நடப்பார். இரண்டு மாடி ஏறச் சொன்னால் முகம் மாறிவிடும். நான், மனைவி, ஒன்பது வயது மகள். சொந்த காரில் சனிக்கிழமை காலை கிளம்பலாம் என்று எண்ணம்.

நெட்டில் பார்த்தால் "கோவிலிலிருந்து 5 நிமிடம்" என்று எல்லா ஹோட்டலும் போட்டிருக்கிறது. நடந்தா, காரிலா என்று ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி நல்ல ஹோட்டலாக எடுக்கலாமா, சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்று கோவில் பக்கத்திலேயே லாட்ஜ் எடுக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை | 1 டிசம்பர்

தள்ளியே எடுங்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் மெயின் ரோட்டிலேயே நல்ல ஹோட்டல்கள் வந்துவிட்டன. லிஃப்ட், பார்க்கிங், ரெஸ்டாரண்ட் எல்லாம் இருக்கும். கோவிலைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் ஒரு பாத்ரூமைப் பார்த்துவிட்டு என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

---

தீவுக்காரன் | 2 டிசம்பர்

தம்பி, நான் இந்த ஊர்க்காரன். எட்டு வருடம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவன். வைகைக்கரை சொல்வது சாதாரண நாளைக்குச் சரி. அமாவாசைக்குச் சரிப்படாது. ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே வருபவர்கள் செய்வது என்ன? விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், குளியல். அங்கேயே கரையில் தர்ப்பணம். அப்புறம் கோவிலுக்குள் 22 தீர்த்தம். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். முடிந்ததும் உச்சி முதல் பாதம் வரை சொட்டச் சொட்ட நிற்பீர்கள். அந்த ஈரத்துணியோடு சாமி சன்னதிக்குள் விடமாட்டார்கள். உலர்ந்த உடுப்பு மாற்றிக்கொண்டுதான் தரிசனம்.

இப்போது யோசியுங்கள். அந்த நேரத்தில் உங்கள் ரூம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன செய்வீர்கள்? உடை மாற்றப் பொது அறை இருக்கிறது. அமாவாசையன்று அதற்கே ஒரு வரிசை. தரையெல்லாம் ஈரம், சேறு. உங்கள் அம்மா ஒரு காலில் நின்று பாவாடை மாற்ற முடியுமா? மேலும் அன்று ரத வீதிகளுக்குள் வெளியூர்க் காரை விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லி விடுவார்கள். தள்ளி இருக்கும் ஹோட்டலின் பார்க்கிங்கும் லிஃப்டும் அன்றைக்கு உங்களுக்கு உதவாது.

எனவே சன்னதி தெரு, கிழக்கு ரத வீதி, வடக்கு ரத வீதி, இந்த வட்டத்துக்குள் பாருங்கள். மெத்தை கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். ஒரு ராத்திரி பொறுத்துக்கொள்ளலாம். ஈரத்தோடு ஐந்து நிமிடத்தில் ரூமுக்குள் நுழைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத் தெரியும்.

---

சேலம்_கார்த்தி | 2 டிசம்பர்

ரொம்ப நன்றி அண்ணா. ஈரத்துணி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஏசி இருக்கிறதா, டிவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் போட்டுக் கேட்கும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

---

தீவுக்காரன் | 2 டிசம்பர்

முதலில் கடிகாரம். ரூம் வாடகை என்பது எந்த இருபத்து நாலு மணி நேரத்துக்கு என்று கேளுங்கள்.

இங்கே இரண்டு விதம். ஒன்று, பகல் 12 மணி செக்-அவுட். நீங்கள் எப்போது நுழைந்தாலும் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இன்னொன்று, 24 மணி நேரக் கணக்கு. மாலை 4 மணிக்கு நுழைந்தால் மறுநாள் மாலை 4 வரை. ரயிலில் வருபவர்களுக்கு இதில்தான் அடி. சென்னை ரயில்கள் அதிகாலையில் வந்து இறக்கிவிடும். 12 மணி கணக்கு லாட்ஜில் அந்த நேரத்தில் நுழைந்தால் ஏழு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகை போய்விடும். மதியத்துக்கு மேல் இன்னொரு நாள். அதே ஆள் 24 மணி நேர லாட்ஜில் காலை 5 மணிக்கு நுழைந்து, குளித்து, கும்பிட்டு, தூங்கி எழுந்து, தனுஷ்கோடி பார்த்துவிட்டு, ராத்திரி ரயிலுக்குக் கிளம்பினாலும் ஒரே நாள் வாடகைதான்.

24 மணி நேரம் என்று சொன்னாலும் ரிசப்ஷனில் கையெழுத்துப் போடும் முன் பதிவேட்டில் என்ன நேரம் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், எழுதியவனே நான்தான். நாலேகால் என்றால் நாலு என்று எழுதுவது வழக்கம், அதில் ஒன்றும் இல்லை. கூட்ட நாளில் மூன்று மணிக்கு வந்தவருக்கு 12 என்று எழுதச் சொல்லி முதலாளி கண் காட்டுவார்.

அப்புறம் வெந்நீர். "இருக்கிறது சார்" என்பார்கள். எத்தனை மணி முதல் என்று கேளுங்கள். பல இடங்களில் காலை 5 அல்லது 6 மணிக்குத்தான் திறந்து விடுவார்கள். நீங்கள் மூன்றரைக்கே எழுந்துவிடுவீர்கள். ரூமிலேயே கீசர் இருந்தால் தொல்லை இல்லை.

மாடி. பழைய லாட்ஜ்களில் லிஃப்ட் கிடையாது. "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்தான் சார்" என்பார்கள். கீழே கடைகள் இருக்கும், அதற்கு மேல் ரிசப்ஷன், அதற்கும் மேல்தான் அவர்கள் சொல்லும் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். "தெருவிலிருந்து எத்தனை படி?" என்று படிக்கணக்கில் கேட்டால் உண்மை வந்துவிடும்.

வெஸ்டர்ன் டாய்லெட் எத்தனை ரூமில், கைப்பிடி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். "எக்ஸ்ட்ரா பெட்" என்றால் பெரும்பாலும் தரையில் விரிக்கும் மெத்தைதான், கட்டில் வராது.

---

நித்யா_கோவை | 3 டிசம்பர்

போன் நம்பர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம், கார்த்தி. போன வருடம் நான் ஏமாந்தேன். ராமேஸ்வரம் இல்லை, வேறொரு கோவில் ஊர். கூகுளில் லாட்ஜ் பெயரைத் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் படம், முகவரி எல்லாம் சரியாக இருந்தது. நம்பர் மட்டும் வேறு யாருடையதோ. மரியாதையாகப் பேசினார், வாட்ஸப்பில் ரூம் படம் அனுப்பினார், முழுப் பணமும் இப்போதே கட்டினால்தான் பண்டிகை நாளில் ரூமைப் பிடித்துவைக்க முடியும் என்றார். யுபிஐயில் அனுப்பினேன். லாட்ஜ் பெயரில் கணக்கு இல்லை, ஏதோ ஒரு ஆளின் பெயர். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. "அது எங்கள் மேனேஜர் அக்கவுண்ட் மேடம்" என்றார். அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஜி.எஸ்.டி-க்கு இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொன்னபோதுதான் புரிந்தது. அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்திருந்தால் பணத்தை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். ஒரு வாரம் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். போனது போனதுதான்.

இப்போதெல்லாம் நான் செய்வது: அந்த ஊரில் யாராவது தெரிந்தவர் இருந்தால் லாட்ஜ் போர்டில் இருக்கும் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். இல்லை என்றால் மேப்பில் பயணிகள் போட்டிருக்கும் வாசல் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். போர்டில் நம்பர் தெரியும். அதுவும் நெட்டில் வந்த நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் பேச்சு.

---

வைகைக்கரை | 3 டிசம்பர்

இதற்குத்தான் சொல்கிறேன், புக்கிங் ஆப் வழியாகப் போங்கள். குறைந்தபட்சம் பணத்துக்கு ஒரு கணக்கு இருக்கும்.

---

தீவுக்காரன் | 3 டிசம்பர்

ஆப் நல்லதுதான். அமாவாசைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆப்பில் மலிவு விலையில் இரண்டு மாதம் முன்பு விற்ற ரூமை, கடைசி நாளில் நேரில் வருபவருக்கு மூன்று மடங்குக்குக் கொடுத்துவிட்டு, "ஓவர் புக்கிங் ஆகிவிட்டது சார்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. எல்லோரும் அப்படி இல்லை. ஆப்பில் போட்டாலும் ஒரு வாரம் முன்பும், கிளம்பும் அன்று காலையும் லாட்ஜுக்கே போன் செய்து, "இன்ன பெயரில், இன்ன நேரத்துக்கு வருகிறோம், வயதானவர்கள் இருக்கிறார்கள், தரைத்தள ரூம் எழுதி வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். குரல் கேட்ட ஆளைத் திருப்பி அனுப்புவது கொஞ்சம் கஷ்டம். எட்டு வருட அனுபவம்.

---

ஆடிட்டர்_ராகவன் | 4 டிசம்பர்

பணம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. கடந்த செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி 5 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. 7,500-க்கு மேல் 18 சதவீதம்தான். இன்னும் சில ரிசப்ஷன்களில் பழைய 12-ஐயே சொல்லிக் கேட்கிறார்கள் என்று என் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். வரி வாங்கினால் ஜி.எஸ்.டி எண் அச்சிட்ட பில் கொடுக்க வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து "டாக்ஸ் தனி" என்றால் கொடுக்காதீர்கள். பதிவு செய்யாத சின்ன லாட்ஜ்கள் வரி வாங்கவே கூடாது.

சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். கட்டாயமாக வாங்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆதார் நகல் கேட்பார்கள். முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதைக் கொடுங்கள். நகலின் குறுக்கே தேதியும் "தங்கும் அறைக்கு மட்டும்" என்றும் எழுதிக் கொடுப்பது என் பழக்கம். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

---

செம்பருத்தி | 4 டிசம்பர்

இழைக்கு நடுவில் ஒரு கேள்வி. நான் தனியாகப் போகிறவள், வயது 38. போன ஜூலையில் இரண்டு லாட்ஜில் "தனியாளுக்கு ரூம் இல்லை" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்படி ஏதாவது சட்டம் இருக்கிறதா?

---

தீவுக்காரன் | 4 டிசம்பர்

சட்டம் ஒன்றும் இல்லை அக்கா. பயம்தான். கோவில் ஊரில் தனியாக வந்து ரூம் போட்டு ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், விசாரணை என்று அலைய வேண்டும் என்று முதலாளிகள் பயப்படுவார்கள். ஆண்களுக்கும் இதே கதைதான். சில சத்திரங்களிலும் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். போனிலேயே "ஒருத்தர்தான், பெண்" என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். நடுராத்திரியில் பெட்டியோடு வாசலில் நின்று வாதாடும் நிலை வேண்டாம். அரசு நடத்தும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இங்கே கடலோரத்திலேயே இருக்கிறது. முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

---

செம்பருத்தி | 4 டிசம்பர்

நன்றி. "ஏதாவது செய்துகொண்டால்" என்று என் முகத்தைப் பார்த்து நினைத்தார்களா என்பதுதான் கொஞ்சம் வலிக்கிறது.

---

டொராண்டோ_குமரன் | 5 டிசம்பர்

நாங்களும் அந்தக் கிழமைதான் வருகிறோம். யாழ்ப்பாணத்தில் பிறந்தாலும் இப்போது கனடா பாஸ்போர்ட். சென்னையில் உள்ள மச்சான் ஒரு சத்திரத்தில் இடம் பிடித்து வைத்தார். நேற்று அவர்களே போன் எடுத்து, வெளிநாட்டுக்காரர் என்றால் தர ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். தமிழில்தானே கதைக்கிறம், என்ன வெளிநாடு?

---

தீவுக்காரன் | 5 டிசம்பர்

பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள் அண்ணா, பாஷையைப் பார்க்கமாட்டார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஒரு படிவத்தில் ('சி ஃபார்ம்' என்பார்கள்) ஆன்லைனில் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு லாட்ஜ் பதிவு செய்திருக்க வேண்டும். சின்ன லாட்ஜ்களும் சத்திரங்களும் அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிடும். கேட்கும்போதே "ஃபாரின் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். விசா நகலும் பாஸ்போர்ட் நகலும் ஆளுக்கு இரண்டு கையில் வைத்திருங்கள். உங்களுக்குப் பெரிய ஹோட்டல்தான் சரிப்படும். சொந்தக்காரர் பெயரில் ரூம் போட்டு நீங்கள் தங்கும் யோசனை மட்டும் வேண்டாம், இரண்டு பேருக்கும் வம்பு.

---

காரைக்குடி_ஆச்சி | 6 டிசம்பர்

கார்த்தி தம்பி, நான் வேறொரு வழி சொல்கிறேன். பொங்கல் 15 வியாழன், 16 திருவள்ளுவர் நாள், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு அமாவாசை. நாலு நாள் விடுமுறையும் அமாவாசையும் ஒட்டி வருகிறது. திங்கள்தான் பள்ளிக்கூடம். ராமேஸ்வரத்தில் இப்போதே ரூம் இருக்குமா என்பதே சந்தேகம்.

ராமநாதபுரத்தில் ரூம் போடுங்கள். ஐம்பது ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். அமாவாசையன்று பக்கத்திலுள்ள சேதுக்கரையில் குளித்துத் தர்ப்பணம் செய்யலாம், அதுவும் சேதுதானே. திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதரையும் சேவித்துவிடலாம். முடிந்தால் தேவிபட்டினம் நவபாஷாணம். திங்கட்கிழமை கூட்டம் வடிந்ததும் ராமேஸ்வரம் போய் நிம்மதியாகத் தீர்த்தமாடலாம். நாங்கள் அப்படித்தான் செய்வோம். மகளுக்கு ஒரு நாள் லீவு போடுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

---

சேலம்_கார்த்தி | 7 டிசம்பர்

ஆச்சி, உங்கள் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "எல்லாம் சரி, எங்கப்பா காரியத்தை ராமேஸ்வரத்தில்தான் செய்யணும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இன்று பதினொரு லாட்ஜுக்குப் போன் செய்தேன். ஏழு இடத்தில் இல்லை. ஒரு இடத்தில் "17, 18 இரண்டு நாளும் சேர்த்து எடுத்தால்தான்" என்றார்கள். மற்ற நாளில் 1,400-க்குக் கொடுக்கும் ரூம் அன்றைக்கு 3,800. கடைசியில் கிழக்கு ரத வீதிக்கு இரண்டாவது சந்தில் ஒன்று கிடைத்தது. நாலு கட்டில் ரூம், தரைத்தளம், தெருவிலிருந்து மூன்று படி (படிக்கணக்கில் கேட்டதும் அந்தப் பையன் போய் எண்ணிவிட்டு வந்து சொன்னான்). 24 மணி நேரக் கணக்கு. கீசர் உண்டு. பாதி அட்வான்ஸ். கணக்கு லாட்ஜ் பெயரிலேயே இருந்தது, நித்யா அக்கா சொன்னபடி வாசல் போர்டு படத்திலும் அதே நம்பர். இரண்டு நாளுக்கும் சேர்த்தே போட்டுவிட்டேன்.

---

தீவுக்காரன் | 7 டிசம்பர்

நல்லது. அட்வான்ஸ் ரசீதை வாட்ஸப்பில் வாங்கி வையுங்கள். ரூம் வகை, தேதி, வாடகை மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். இனி கொண்டு வர வேண்டியவை.

நைலான் கயிறு ஐந்தாறு மீட்டர், துணிக் கிளிப். ஐந்து பேரின் ஈரத்துணியை எங்கே காயப்போடுவீர்கள்? லாட்ஜ் மொட்டை மாடிக் கொடியில் உங்களுக்கு முன்பே நாற்பது வேட்டி தொங்கும். அம்மாவுக்குத் தீர்த்தமாட நூல் புடவை வேண்டாம், நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும், சிந்தெடிக் போதும். சோப்பு நுரைக்கவில்லை என்று ரூம் பாயிடம் சண்டை போடாதீர்கள், பல இடங்களில் குழாய்த் தண்ணீர் உப்புத்தான். குடிக்க, பல் தேய்க்கக் கேன் தண்ணீர்.

நுழைந்ததும் சாமானைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். முதலில் தலைமாட்டுப் பக்கம் விரிப்பைத் தூக்கி மெத்தையின் தையல் ஓரத்தை மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகைப் பொடித்துத் தூவினது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அப்போதே வேறு ரூம் கேளுங்கள். படுத்து எழுந்த பிறகு கேட்டால் "நீங்கள் கொண்டு வந்தது" என்பார்கள். பிளஷ் இழுத்துப் பாருங்கள், கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். கடல் காற்றில் இங்கே எல்லா இரும்பும் துருப்பிடிக்கும், உள்பக்கத் தாழ்ப்பாள் சிக்கி இரண்டு பேர் மாட்டிக்கொண்டு கதவை உடைத்துத் திறந்திருக்கிறோம்.

இன்னொன்று, கோவிலுக்குள் மொபைல் கூடாது. ரூமிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை. ரிசப்ஷனில் லாட்ஜ் கார்டு ஐந்து வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆளுக்கு ஒன்று உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மட்டும் அல்ல, பெரியவர்களுக்கும். உங்கள் அப்பா வேண்டாம் என்பார். வையுங்கள்.

---

வைகைக்கரை | 8 டிசம்பர்

தீவுக்காரர் எங்கள் எல்லோரையும் விட நன்றாகச் சொல்கிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த பாத்ரூம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

---

சேலம்_கார்த்தி | 21 ஜனவரி 2026

போய் வந்தாயிற்று. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பாம்பன் பாலத்தில் மட்டும் முக்கால் மணி நேரம். காரை அப்போது ஊருக்குள் விட்டார்கள். சாமானை இறக்கிவிட்டு லாட்ஜ் பையனோடு போய் ஒரு காலி மனையில் நிறுத்தினேன். திங்கள் காலை வரை அதை எடுக்கவே இல்லை.

பதிவேட்டில் ரிசப்ஷன்காரர் "2.00" என்று எழுதினார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள், "அங்கிள், இப்போ நாலரை" என்றாள். வீட்டில் இந்த இழையைப் படித்தபோது பக்கத்தில் இருந்திருக்கிறாள் போல. அவர் சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்தினார்.

மூட்டைப்பூச்சி இல்லை. கீசர் இருந்தது, ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் அமாவாசை முடிந்துதான் வருவாராம். விடியற்காலை மூன்றரைக்கு ஒரு பக்கெட் வெந்நீர் முப்பது ரூபாய் என்று பையன் கொண்டுவந்து கொடுத்தான். கடலில் குளிக்கப் போகிறவர்களுக்கு வெந்நீர் எதற்கு என்று கேட்டுவிட்டும் போனான். நியாயமான கேள்வி. தரைத்தள ரூம் என்று மகிழ்ந்தோமே, ஜன்னலுக்கு வெளியேதான் தண்ணீர் மோட்டார். அன்று ராத்திரி அது நிற்கவே இல்லை. அடுத்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தர்ப்பணம் நல்லபடியாக முடிந்தது. 22 தீர்த்தத்துக்கு அன்றைக்கு இருந்த வரிசையைப் பார்த்துவிட்டு அம்மாவே, "நாளைக்குப் பார்க்கலாம்பா" என்றார். இரண்டு நாள் சேர்த்து எடுத்தது வீண் என்று நினைத்திருந்தேன். அதுதான் கைகொடுத்தது. திங்கட்கிழமை காலை நடை திறந்ததும் போனோம். வரிசை கொஞ்சம்தான். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டும் ஆடினார். ரூமுக்கு வர ஏழு நிமிடம். அதற்குள்ளேயே குளிரில் அம்மாவுக்குப் பல் கிட்டிவிட்டது. பத்து கிலோமீட்டர் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன்.

இப்போது அப்பா கதை. ஞாயிறு காலை கரையில் தர்ப்பணம் முடிந்து நாங்கள் துணியைப் பிழிந்து நிமிர்வதற்குள் ஆளைக் காணோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். மொபைல் அவர் சட்டையோடு ரூமில். மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறேன். முக்கால் மணி நேரம் கழித்து, ரூமில் போய்ப் பார்க்கலாம் என்று திரும்பினால், லாட்ஜ் வாசல் திண்ணையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். காக்கைக்குச் சோறு வைக்க இடம் தேடிப் போனவர் சந்து மாறிவிட்டாராம். லாட்ஜ் பெயர் வாயில் வரவில்லை. டீக்கடைக்காரரிடம் இடுப்பு மடிப்பிலிருந்து அந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டியிருக்கிறார். கடைப் பையன் கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போயிருக்கிறான்.

கார்டு வேண்டாம் என்று காலையில் என்னிடம் கத்தியவர் இவர்தான். அதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

---

நித்யா_கோவை | 21 ஜனவரி

படித்து முடிக்கும் வரை மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தேன். பில் கொடுத்தார்களா?

---

சேலம்_கார்த்தி | 21 ஜனவரி

கேட்டதும் கொடுத்தார்கள், 5 சதவீதம்தான் போட்டிருந்தது. கீசர் ஓடாததற்கு 200 குறைத்தார்கள், அதுவும் கேட்டதால்.

---

செம்பருத்தி | 22 ஜனவரி

லாட்ஜ் பெயர் தனிச் செய்தியில் அனுப்ப முடியுமா? தனியாளுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

---

தீவுக்காரன் | 22 ஜனவரி

அக்கா, அந்த லாட்ஜ் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த மோட்டார் சத்தம் ஊருக்கே தெரியும். கொடுப்பார்கள். மாடி ரூம் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு: ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12, புதன். மே மாதமே போன் செய்துவிடுங்கள்.